நிலையில் நிற்பவர்

சமாதானபுரத்து வீட்டில் மூன்றாம் எண்ணுக்கு உரிய பெண் ஐந்து மாதமாக வீட்டில் இல்லை. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஏழரை மணிக்கு, அவள் அந்த வீட்டு ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு எழுந்து போய்விடுவாள். மற்ற நேரத்தில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அலுவலகத்துக்கு வந்த தாளில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. பெண், வயது 24. பதினெட்டு நாட்கள், ஒரு நாள் விடாமல். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம். மேற்பார்வையாளர் நாசர் அண்ணன் தாளை என் பக்கமாகத் தள்ளினார்.

“இந்தப் பிள்ள முன்னாடி ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் பாக்கும். பாட்டு, சமையல், காமெடின்னு மேயும். அப்புறம் நாலு மாசம் ஒண்ணுமே இல்ல. இப்ப பாரு, மணி அடிச்சா வருது, மணி அடிச்சா போவுது. மனுசப் பிறவி இப்படியா டிவி பாக்கும்? யாரோ வெளையாடுதாங்க. என்னன்னு பாத்துட்டு வா.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை பேசாமல் இருந்ததில் ஒரு தப்பும் இருந்தது. அந்தப் பெண் வீட்டில் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.

எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற நிறுவனம் எங்களுடையது. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வைத்திருக்கிறோம். கூடவே ஒரு ரிமோட். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் எண் உண்டு. டிவி முன்னால் வந்ததும் தன் எண்ணை அமுக்க வேண்டும். பெட்டியில் அந்த எண் பச்சையாக எரியும். எழுந்து போகும்போது மறுபடி அமுக்கி அணைக்க வேண்டும். யாரும் அமுக்காமல் டிவி ஓடினால் பெட்டி சிவப்பாகக் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். விருந்தாளிக்கும் ஒரு பட்டன் இருக்கிறது. அவர் ஆணா பெண்ணா, வயது என்ன என்று மட்டும் போட்டால் போதும். பெயர் வேண்டாம்.

எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்பது வெளியே தெரியக் கூடாது. அதனால் என்னைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் நான் டியூஷன் டீச்சர். ஒரு வீட்டில் எல்ஐசி. சமாதானபுரத்து யூனிஸ் அம்மா பக்கத்து வீட்டில் என்னைத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற வருகிற பெண் என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு மெஷினே கிடையாது.

இயற்பியல் படித்துவிட்டு வீடு வீடாக டிவி பார்க்கப் போகிறாயா என்று உம்மா கேட்டாள். கல்லூரியில் செமினார் அன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். உண்மையான காய்ச்சல், தெர்மாமீட்டரில் ஏறும். இந்த வேலையில் கேட்க வேண்டிய கேள்விகளை ஓர் அட்டையில் அச்சிட்டுத் தந்துவிடுகிறார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம்கூட யோசிக்க வேண்டியதில்லை. அதற்காகவே சேர்ந்தேன்.

சேரும்போது டிவி மனிதர்களைப் பிடித்து வைப்பதற்கு அறிவியலில் காரணம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அசைகிற பொருளை நோக்கிக் கண் தானாகத் திரும்பும், இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு முறை காட்சி மாறினால் கண்ணுக்குத் திரும்பிப் போக நேரம் கிடைக்காது, இப்படி. நாற்பத்திரண்டு வீடுகளுக்குப் போய்வந்த பிறகு அது பாதிதான் என்று தோன்றியது. பெரும்பாலான வீடுகளில் யாரும் டிவியை அவ்வளவாகப் பார்ப்பதே இல்லை. பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க டிவியைச் சத்தமாக வைக்கிறார்கள். முருகன்குறிச்சியில் ஒருவர் டிவி ஓடினால்தான் தூங்குவார், அணைத்தால் விழித்துக்கொள்வார். வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பா தம்மாமிலிருந்து போனில் பேசும்போது “அங்கன என்ன ஓடுது?” என்றுதான் ஆரம்பிப்பார். உம்மா போனை டிவி பக்கம் திருப்பி வைப்பாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சேர்ந்து அதைக் கேட்பார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இன்னொன்றும் புரியும். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. முகம் பார்க்காமல் கூட இருப்பதற்கு வேறு என்ன வழி இருக்கிறது, கோயிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் விட்டால்?

யூனிஸ் அம்மாவின் மகள் டார்லின். முதல் தடவை நான் போனபோது அவள்தான் பெட்டியைப் பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒன்று அப்பாவுக்கு, இரண்டு அம்மாவுக்கு, மூன்று தனக்கு என்று பிரித்ததும் அவள்தான். அப்பா அப்பாத்துரை, தாலுகா ஆபீசில் ரேஷன் கார்டுப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். “எங்க அப்பா ஒம்பது மணி நியூஸ் மட்டும்தான் பாப்பாங்க. ஒண்ணாம் நம்பருக்கு வேலையே கெடையாது” என்று டார்லின் சிரித்தாள்.

அவள் கல்யாணம் செய்துகொண்டதை யூனிஸ் அம்மா போன மாதம்தான் என்னிடம் சொன்னார், அடுக்களைக்குக் கூட்டிப்போய், குழாயைத் திறந்துவிட்டு. மாப்பிள்ளையின் பெயர் அம்மையப்பன். வண்ணார்பேட்டையில் கேபிள் ஆபீசில் வேலை.

“செட்டாப் பாக்ஸ் கோளாறுன்னு மூணு தடவ வந்தான். மொதல் தடவ வயர்ல கோளாறு. ரெண்டாவது தடவ பொட்டியில கோளாறு. மூணாவது தடவ ஒரு கோளாறும் இல்ல, இவகிட்டதான் கோளாறு” என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கலங்கியது. “ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிட்டு வந்து வாசல்ல நின்னா. இவரு பேப்பரை எறக்கவே இல்ல. அன்னையில இருந்து அவ பேரை இந்த வீட்ல சொல்லல. அந்தப் பையன் பேரைக் கேட்டியா? அம்மையப்பன். பேர்லயே அம்மையையும் அப்பனையும் வச்சிருக்கான், அவன்கிட்ட போய் கோவிச்சுக்கிட்டு என்ன செய்ய?”

டார்லின் போனதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதினால் அவள் பெயரை அடித்துவிடுவீர்களா என்றும் கேட்டார். நான் அட்டையில் இருந்ததைச் சொன்னேன். நாலு மாதமாக மூன்றாம் எண்ணை யாரும் அமுக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் அமுக்காவிட்டால் நான் எழுதாவிட்டாலும் பெயர் தானாகவே நீங்கிவிடும். அடுக்களையை ஒட்டிய ஹாலில் அப்பாத்துரை சார் முகத்துக்கு நேரே பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது நாசர் அண்ணன் தந்த தாளை மறுபடி பார்த்தேன். மூன்றாம் எண் மீண்டும் உயிர் பெற்ற தேதியை என் பயணக் குறிப்போடு ஒப்பிட்டேன். நான் அதைச் சொல்லிவிட்டு வந்த அதே நாள், மாலை ஏழு முப்பத்தொன்று.

அன்று மாலை ஏழேகாலுக்கே போனேன். யூனிஸ் அம்மா கதவைத் திறந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, “வா பிள்ள, தண்ணி ஒரே கலங்கலா வருது” என்றார். உள்ளே வந்ததும் குரலை இறக்கி, “என்னட்டி, இந்நேரத்துல?” என்றார்.

அட்டையைப் பார்த்துக் கேட்டேன். மூன்றாம் எண்ணை வீட்டில் வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா?

“நான் எதுக்குப் பிள்ள அதை அமுக்குதேன்? என் ரெண்டை அமுக்கவே எனக்கு மறந்து போவுது. அது கெடந்து கண்ண கண்ணச் சிமிட்டும், பொறவுதான் அமுக்குவேன்.” அவர் முகத்தில் பொய் இல்லை. “ஏன், அமுக்கி இருக்கா?”

நான் அட்டையில் அடுத்த கேள்வியைத் தேடினேன். அவர் கை சேலைத் தலைப்பைப் பிடித்தது.

ஏழரைக்கு நாடகம் ஆரம்பித்தது. யூனிஸ் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டில் இரண்டை அமுக்கிவிட்டு, அதை வழக்கமான இடத்தில், சுவர் அலமாரியில் வைத்தார். அலமாரி நடு அறைக்குப் போகிற வாசலை ஒட்டி இருந்தது. நான் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாடகத்தில் இரண்டு அக்கா தங்கைகள், ஒரு பாத்திரக்கடை, ஒரு காணாமல் போன பத்திரம். பத்திரம் காணாமல் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. யூனிஸ் அம்மா அதை டிவிக்குள்ளேயே தேடுகிறவர் போலப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த வாசலின் மர நிலையைக் கவனித்தேன். வலப் பக்கச் சட்டத்தில், தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில், தேங்காய் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. ஒரு தலை சாய்கிற அளவு. பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் கறுத்து வழவழப்பாகியிருந்தது. ஒரு நாள் இரண்டு நாளில் வருகிற கறை இல்லை. வருஷக்கணக்கில், தினமும், ஒரே தலை அங்கே சாய்ந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தலை வந்தது. அப்பாத்துரை சார் தோளில் துண்டோடு, எதையோ தேடி வந்தவர் மாதிரி வந்து, நிலையில் சாய்ந்து நின்றார். தலை சரியாக அந்தக் கறையில் பொருந்தியது. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பிறகு டிவியைப் பார்த்துக்கொண்டே, கண்ணைத் திருப்பாமல், பக்கத்து அலமாரிக்குக் கையை நீட்டினார். பெருவிரல் பட்டனைத் தானாகக் கண்டுபிடித்தது.

பெட்டியில் இரண்டுக்குப் பக்கத்தில் மூன்று எரிந்தது.

யூனிஸ் அம்மா பெட்டியைப் பார்த்தார். திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பதினெட்டு நாளாக அந்த மூன்று தன் கண் முன்னால் எரிந்ததை அவர் கவனிக்காமல் இருந்திருக்கிறார். அல்லது தானாக எரிகிறது என்று நினைத்திருக்கலாம், நான் கேட்கவில்லை. நாடகத்தில் தங்கை அழுதாள். யூனிஸ் அம்மாவும் அழுதார். நாடகத்துக்காக அழுகிறார் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம்.

விளம்பரம் வந்ததும் அப்பாத்துரை சார் என்னிடம், “எழுதிக்கிட்டியாம்மா?” என்றார்.

“இல்ல சார்” என்றேன். அட்டையில் அடுத்த வரியைப் பார்த்தேன். “டிவி இருக்கிற ரூம்ல இருக்கவங்க அவங்கவங்க நம்பரத்தான் அமுக்கணும். நீங்க ஒண்ணு சார்.”

“நான் ரூம்ல இல்லையே.”

எனக்கு விளங்கவில்லை.

“நிலையில நிக்கேன். நிலையில நிக்கவன் உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. இந்தக் கண்றாவிய எல்லாம் நான் பாக்கது கெடையாது. கண்ணாடி எங்கன வச்சேன்னு பாக்க வந்தேன்.”

“கண்ணாடி உங்க மூக்குல இருக்கு” என்றார் யூனிஸ் அம்மா, டிவியைப் பார்த்தபடி. பிறகு என்னிடம், “எம்மவ சொல்லுவா பிள்ள. எங்க அப்பாவுக்கு நிலைப்பாடு ஒண்ணே ஒண்ணுதான், அது நிலைப்படின்னு. ஆறு வருசமா இந்த நாடகத்தையும் இதுக்கு முந்துன நாடகத்தையும் அங்கன நின்னே பாத்து முடிச்சாச்சு. கால் வீங்குதுன்னு டாக்டர்ட்ட வேற போனாரு” என்றார்.

அப்பாத்துரை சார் சிரிக்கவில்லை. ஆனால் நிலையை விட்டுப் போகவும் இல்லை. “அவ” என்று ஆரம்பித்து நிறுத்தினார். டிவியில் ஒரு சோப்பு விளம்பரம் ஓடியது. “விளம்பரம் முடிஞ்சதும் இந்த நாடகக்காரி என்ன சொல்லப் போறான்னு முன்னாலயே சொல்லிருவா. ஒரு வார்த்தை மாறாது. நான் கேப்பேன், எப்படி தெரியும் ஒனக்குன்னு. நாடகம் எழுதுதவனுக்குத் தெரியுதது எனக்குத் தெரியாதாம்பா.”

பெயர் சொல்லாமலே அவ்வளவையும் சொன்னார்.

பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். உறுப்பினர் நீக்கம் என்று மேலே அச்சிட்டிருந்தது. கீழே குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட இடம். அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கினார். கிளார்க் வாசிப்பது போல மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“முப்பத்துநாலு வருசத்துல கார்டுல எத்தனை பேரு அடிச்சு எடுத்திருப்பேன் தெரியுமா? செத்தவங்க பேரு, கெட்டிக்குடுத்த பிள்ளையள் பேரு. ஆனா ஒரு சட்டம் உண்டும்மா. தலைவர் எழுதிக் குடுக்காம ஒரு பேரையும் கார்டுல இருந்து எடுக்க முடியாது. நான் எழுதிக் குடுத்தேனா?”

“இல்ல சார்.”

“அப்பொ எப்படி எடுப்பீங்க? தானா நீங்கிரும்னு சொன்னியே, அது எப்படி தானா நீங்கும்? நான் உயிரோடதான இருக்கேன்?”

படிவத்தை நாலாக மடித்து என்னிடமே தந்தார். நாடகம் மறுபடி தொடங்கியது. அவர் தலை நிலையில் சாய்ந்தது. அட்டையில் இதற்குப் பிறகு கேள்வி எதுவும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். நான் எழுந்து செருப்பு மாட்டும்போது என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தது. யாரோ பேசுவது மாதிரித்தான் எனக்கே கேட்டது.

“அவங்க வந்து அமுக்கினா தப்பில்ல சார்.”

வாசலில் இறங்கி, பஸ் நிறுத்தம் வரை வேகமாக நடந்தேன். செமினார் அன்று வருமே, அதே காய்ச்சல்.

நாசர் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். பெண் வீட்டில் இல்லை, அப்பா அமுக்குகிறார். அவர் நெற்றியைத் தேய்த்தார். “இவரு ஒருத்தர் மக பாசத்துல பட்டன் அமுக்குதாரு. அங்க மெட்ராஸ்ல ஒருத்தன் இருவத்திநாலு வயசுப் பொம்பளப் பிள்ளையளுக்கு இந்த நாடகம் பிடிக்குதுன்னு கணக்குப் போடுதான். ஒரு பொய்யை விட்டா நூறு பொய்யாவும். வீட்டையே எடுத்துர வேண்டியதுதான்.” நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா நிக்க? சரி. ரெண்டு வாரம். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி நீயே போன் போட்டு செக் பண்ணு. மூணாம் நம்பர் ஆள் அங்கன இருந்தா இருக்கட்டும். இல்லன்னா பேரை எடுத்துருவோம். எழுதிக் குடுத்தாலும் சரி, குடுக்காட்டாலும் சரி.”

மறுநாள் தாள் வந்தது. ஏழரைக்கு இரண்டு மட்டும். அதற்கு மறுநாளும் இரண்டு மட்டும்.

தரவு சுத்தமாகிவிட்டது. கல்லூரி ஆய்வகத்தில் பிழை நீங்கி வரைபடக் கோடு நேராக வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இந்தக் கோட்டைப் பார்த்தபோது அப்படி இருக்கவில்லை. அந்த மனிதருக்கு மகளின் பெயரைச் சொல்ல இருந்தது ஒரே ஒரு பட்டன். அதையும் நான் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன். இப்போது நிலையில் நிற்கிறாரா என்பதுகூடத் தெரியாது. நிற்பவருக்குப் பட்டன் இல்லை. காலையில் அலுவலக மொட்டை மாடியில் தேநீரோடு நின்றால் கொக்கிரகுளம் பக்கம் ஆறு தெரியும். மாசி மாதத்து ஆறு, கல்லுக்குக் கல் ஒதுங்கி, நடுவில் கொஞ்சமாக ஓடும். அதைப் பார்த்துக்கொண்டு, சமாதானபுரத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்க என்ன வாக்கியம் என்று யோசித்தேன். ஒன்றும் அமையவில்லை.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை யூனிஸ் அம்மா போன் செய்தார். பின்னால் குழாய்ச் சத்தம்.

“ஏ பிள்ள, ஒண்ணு கேக்கேன். ஒன்கிட்ட இருக்க மெஷின்ல பாத்தியா? நேத்து உக்காந்துட்டாரு.”

“யாரு?”

“யாரா? கால் மேல கால் போட்டு, நடுச் சேர்ல. நாடகம் முடியுத மட்டும்.” அவர் மூச்சு வாங்கினார். “விளம்பரத்துல கேக்காரு, இந்த நாடகத்தை அங்கன பாக்காங்களான்னு. அங்கனயாம். எங்கனன்னு சொல்லல. நானும் யாருன்னு கேக்கல. நான் மத்தியானம் போன்ல அவகிட்ட பேசுதது இவருக்குத் தெரியும் போல இருக்கு பிள்ள, தெரிஞ்சே இருந்திருக்காரு. பாக்கா, தெனமும் ஏழரைக்கு, ரெண்டு பேருமா உக்காந்து பாக்காங்கன்னு சொன்னேன். அதுக்கு அவரு, அவனுமா பாக்கான், அவனுக்கு வேற சோலி இல்லையாங்காரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவனும் நிலையில நின்னுதான் பாக்கானாம்னு சொன்னேன். சும்மாச் சொன்னேன். அதுக்கு நிலையைத் திரும்பிப் பாத்தாரு.”

அன்றைய தாளை எடுத்துப் பார்த்தேன். திங்கள், ஏழு முப்பத்திரண்டு. இரண்டுக்கு மேலே, பெட்டி வைத்த நாளிலிருந்து அந்த நேரத்தில் ஒரு தடவைகூட எரியாத ஒன்றாம் எண். எட்டு மணி வரை. நான் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய், புதன், வியாழன் தாள்களிலும் ஒன்றும் இரண்டும் இருந்தன. மூன்று இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு நாற்பதுக்கு நாசர் அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்க, அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினேன். கீழே வண்ணார்பேட்டை பைபாஸ் சாலையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டேன். மணி நீண்ட நேரம் அடித்தது. நிற்கப் போகிறது என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

“ஆங், சொல்லும்மா.” அப்பாத்துரை சார். பின்னால் நாடகத்தின் இசை.

“சார், ஷஃபீகா பேசுதேன். செக்கிங் கால்.” அட்டையைப் பார்த்தேன். “இந்த நிமிஷம் உங்க வீட்ல டிவி இருக்கிற ரூம்ல யார் யார் இருக்காங்கன்னு பேர் சொல்லுங்க சார்.”

“பேரு சொல்லணுமா?”

“ஆமா சார். வீட்டு ஆட்கள்னா பேர் சொல்லணும்.”

“நான் இருக்கேன். அப்பாத்துரை.” தொண்டையைச் செருமினார். “யூனிஸ் இருக்கா.”

நான் இரண்டு கட்டங்களில் குறி போட்டேன். அடுத்த கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மறுமுனையில் விசிறி சுற்றும் சத்தம், நாடகத்தில் யாரோ கதவைத் தட்டும் சத்தம். நாசர் அண்ணன் புருவத்தை உயர்த்தினார். அட்டையில் அடுத்த வரி, ‘அவ்வளவுதானா?’ என்பது. அதைக் கேட்டுவிட்டால் அழைப்பு முடிந்துவிடும். நான் கேட்கவில்லை.

“டார்லின்” என்றார்.

ரொம்ப நாள் திறக்காத பூட்டைத் திறப்பவர் போல அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னார். டிவி பக்கத்திலிருந்து ஓர் இளம் குரல், “என்னப்பா?” என்றது.

“ஒன்னக் கூப்பிடல. கணக்கு குடுக்கேன், பாத்துட்டு இரு.” பிறகு என்னிடம், “மூணாம் நம்பர். அவளேதான் அமுக்கினா. எழுதிக்கோ” என்றார்.

எழுதிக்கொண்டேன். எழுத்து கோணலாக வந்தது.

“வேற யாராவது இருக்காங்களா சார்?”

போனை அவர் வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும், நாடகம் கூடுதலாகக் கேட்டது.

“இன்னொருத்தர் வந்திருக்காரு” என்றார். அவன் என்று சொல்லவில்லை. “ஆனா ரூமுக்குள்ள இல்ல. நிலையில நிக்காரு. வந்ததுல இருந்து நிக்காரு.”

நாசர் அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் இதற்கு ஒரு வரி இருந்தது. அதைத்தான் நான் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்.

“ரூமுக்கு உள்ள இருக்கவங்கதான் சார் கணக்குல வருவாங்க.”

“அது தெரியும்” என்றார். “எனக்குத் தெரியாதா அது.”

போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டார் போல, எல்லாச் சத்தமும் துணிக்குள்ளிருந்து வந்தது. விளம்பரம் தொடங்கியது. அதற்குப் பிறகு நாடகத்தில் என்ன வசனம் வரப்போகிறது என்று டார்லின் முன்கூட்டியே சொல்வதும் யூனிஸ் அம்மா சிரிப்பதும் மங்கலாகக் கேட்டன. பிறகு அவர் குரல், சட்டைக்கு வெளியே, யாரையோ பார்த்து.

“ஏ, வயசு என்ன உமக்கு?”

அங்கே சோப்பு விளம்பரம் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

“இருவத்தொம்பது, மாமா.”

“மிஷின்ல போடணும், அதுக்குத்தான் கேட்டேன். அங்கன நின்னா அது எடுக்காது. உள்ள வாரும். வந்து உக்காரும்.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். மறுமுனையில் யாரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. சுவர் ஓரத்தில் கிடந்த அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியின் நாலு கால்களும் தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு, பைய, டிவிக்கு முன்னால் வருகிற சத்தம் கேட்டது.